நாற்பதின்மரும் இருபதின்மரும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ பேசுவான் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டு. அதுவும், பல நாட்டினர் தத்தம் வீட்டிலிருந்தபடியே கணிப்பொறி வழியாக ஒன்றுகூடி ஆடும் இணைய விளையாட்டு. 'இந்த வயதில் இவருக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் நகைக்கக் கூடும். நகைப்பதில் தவறில்லை, நானும் முன்பு அவ்வாறே நகைத்தவன்தான்.

2005-ஆம் ஆண்டில் என் தமையனார் மகன் அமெரிக்காவில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுவான். சில நாள்களில் மட்டும், "இன்று நேரமில்லை சித்தப்பா, நாற்பது பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவான். ஏதோ மாணவர் சங்கக் கூட்டம் போலும் என்று நினைத்துக்கொள்வேன். அண்மையில் விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், கல்லூரியில் முதலாண்டு பயில்பவன், இரவு உணவுக்கு அழைத்தபோது, "சற்றுப் பொறுங்கள் தாத்தா; இருபது பேர் காத்திருக்கிறார்கள்" என்றான். அப்பொழுதுதான் இருவரும் ஒரே விளையாட்டைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கிற்று. இருபது ஆண்டுகளில் நாற்பது ஏன் இருபதாயிற்று? அந்தச் சிறு ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் புகுந்தவனுக்குக் கிடைத்த செய்திகளையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், அவர்கள் 'ரெய்டு' என்று சொல்வது யாது? படையெடுப்பு என்று நாம் சொல்லலாம். ஒருவரால் வெல்ல முடியாத பெரும் பகைவன் ஒருவன் ஒரு குகையிலோ கோட்டையிலோ இருப்பான். அவனை வெல்லப் பலர் ஒன்றுசேர்ந்து செல்வர். அவர்களுக்குள் தொழிற் பகுப்பு உண்டு. பகைவனின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு முன் நிற்பவர் தாங்குவோர். அவருக்கும் பிறருக்கும் ஏற்படும் காயத்தை மந்திரத்தால் ஆற்றிக்கொண்டே இருப்பவர் ஆற்றுவோர். பகைவனைத் தாக்குவதே தொழிலாக உடையவர் தாக்குவோர். இம்மூவருள் ஒருவர் கடமை தவறினாலும் படை மடியும். மடிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வென்றால் அப்பகைவனிடமிருந்து வாளோ கவசமோ கிடைக்கும். அமைப்பு இவ்வளவுதான். ஆனால், இந்த எளிய அமைப்பை எவ்வாறு கடினமாக்குவது என்பதில்தான் பழைய முறையும் புதிய முறையும் வேறுபடுகின்றன.

பழைய முறையைப் பார்ப்போம். 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டில், ஒவ்வொரு பெரு நாகமும் ஓர் உலகுக்கு ஒன்றுதான். பல குழுக்கள் அந்த ஒன்றுக்காகப் போட்டியிட்டன. அது தோன்றிவிட்டது என்று தெரிந்தால் நள்ளிரவிலும் தொலைபேசியால் ஒருவரையொருவர் எழுப்பி ஓடிவந்தவர்கள் உண்டு. 2004-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிளிசார்ட் நிறுவனம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் இந்தத் தொல்லை குறைந்தது. ஒவ்வொரு குழுவும் உள்ளே நுழையும்போது, அக்குழுவுக்கென்றே தனிக் குகை ஒன்று அமையும். என் தமையனார் மகன் ஆடியது இதைத்தான்.

அந்நாளைய குகைகளுள் புகழ் பெற்றது மோல்டன் கோர். நெருப்புக் குழம்பு ஓடும் பாதாளம் அது. படைக்கு 40 பேர் வரை செல்லலாம். உள்ளே பத்துத் தலைவர்கள். கடைசித் தலைவன் ரக்னரோஸ் என்னும் நெருப்பரசன். அவனைப் போய்ச் சேருவதே பெரும்பாடு. குகைக்குள் நேரே நுழையும் உரிமையைப் பெற, ஒவ்வொருவரும் வேறொரு சுரங்கத்தின் அடிவரை சென்று ஒரு கல்லை எடுத்து வர வேண்டும். நெருப்பைத் தாங்கும் உடைகளைத் தேட வேண்டும். குகைக்குள் ஏழு தலைவர்களுக்கு ஏழு நெருப்புக் குறிகள் உண்டு. அவ்வேழையும் அணைத்தால்தான் ஒன்பதாம் தலைவன் வெளிப்படுவான். அவனை வென்றால்தான் ரக்னரோஸைக் காணலாம். குறிகளை அணைக்கத் தனி வகை நீர் வேண்டும். அந்த நீரைப் பெற, எங்கோ தொலைவிலுள்ள ஒரு கூட்டத்தாரிடம் பல நாள் உழைத்து நற்பெயர் ஈட்ட வேண்டும். இவ்வளவும் போருக்கு முன்னே செய்ய வேண்டியவை!

ஆனால், போர் தொடங்கிய பின் ஒருவர் செய்ய வேண்டியது என்ன? பெரும்பாலோர்க்கு வேலை எளிது. கார் என்னும் தலைவனைச் சுற்றி எட்டுத் துணைவர் நிற்பர். படையில் உள்ள மந்திரவாதி ஒவ்வொருவரும் ஒரு துணைவனை மட்டும் செயலற்றுப் போகச் செய்து காத்துக்கொண்டிருந்தால் போதும். கெட்டன் என்னும் தலைவன் படையில் ஒருவரை வெடிகுண்டாக மாற்றிவிடுவான். அவர் கூட்டத்தை விட்டு விலகி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அருகிலிருப்பவர் சிலரும் சேர்ந்து மடிவர். ஆனால் படை முழுவதும் மடிந்துவிடாது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஒரு பகைவன்மேல் ஒரே நேரத்தில் ஒட்டக்கூடிய தீவினைகளுக்கு ஓர் எல்லை இருந்தது. முதலில் எட்டு, பின்னர்ப் பதினாறு. நாற்பது பேரும் தத்தம் வித்தையைக் காட்டினால் எல்லை மீறிப்போகும். ஆதலால், 'உன் நல்ல வித்தையைக் காட்டாமல் சும்மா இரு' என்று சிலருக்குக் கட்டளை பிறந்தது! திறமையை அடக்கிக்கொள்வதும் அங்கே ஒரு கடமை.

கிடைத்த பொருளைப் பகிர்வதும் எளிதன்று. ஒரு தலைவன் மடிந்தால் சில பொருள்களே கிடைக்கும், கைகளோ நாற்பது. எவர்குவெஸ்ட் காலத்திலேயே விளையாட்டாளர் இதற்கு ஒரு வழி கண்டனர். படைக்கு வந்தவர்க்கெல்லாம் வரவுக்கு ஏற்பப் புள்ளி கொடுத்து, அப்புள்ளியைச் செலவிட்டுப் பொருளைப் பெறச் செய்தனர். நாகத்தைக் கொன்றமைக்கான புள்ளி என்று அதற்குப் பெயர். இதை வடிவமைத்தவர் விளையாட்டை ஆக்கிய நிறுவனத்தார் அல்லர், ஆடியவர்களே. திறமைக்கு மட்டுமின்றி, தவறாமல் வந்தமைக்கும் அங்கே மதிப்பு இருந்தது என்பதை மறவாதீர்கள்.

என் தமையனார் மகன் குழுவில் பாரவண்டி ஓட்டும் ஒருவர் இருந்தாராம். அவருடைய இணைய இணைப்பு மெதுவானது. அவர் கைகளும் மெதுவானவை. "அவர் அடித்த அடியால் எந்தத் தலைவனும் வீழ்ந்ததில்லை சித்தப்பா. ஆனால் நாற்பது பேருக்கும் வேண்டிய மருந்துகளை வாரம் முழுதும் சேர்த்து வைத்திருப்பார். ஒரு நாள் அவர் வராவிட்டால் எங்களுக்குப் படையெடுப்பு போலவே இராது" என்றான். நாற்பதின்மருள் இத்தகையவர் நால்வர் ஐவர் இருந்தாலும் படை வென்றது. கூட்டத்தின் வலிமை அவர்களையும் சுமந்து சென்றது.

இதனால் பழைய முறையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. நாற்பது பேரை ஒரே நேரத்தில் கூட்டுவதற்கு ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட வேண்டியிருந்தது. வேலைக்குச் செல்வோர், குழந்தை பெற்றோர், வேறு நேர மண்டலத்தில் வாழ்வோர் ஆகியோர்க்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. 2006-ஆம் ஆண்டில் நக்ஸ்ரமாஸ் என்னும் பெருங்கோட்டையை அந்நிறுவனம் அரும்பாடுபட்டுக் கட்டியது. அதன் உள்ளே சென்று கண்டவர் மிகச் சிலரே. அக்கோட்டையையே 2008-ஆம் ஆண்டில் சிறு படைகளுக்கும் ஏற்றவாறு மாற்றி மீண்டும் திறந்தார்கள். கட்டியவனுக்கே, 'இதை யாரும் பார்க்கவில்லையே' என்ற வருத்தம் வந்ததென்றால் அதன் குறை எத்தகையது!

மாற்றம் படிப்படியாக வந்தது. 2007-ஆம் ஆண்டில் படையின் அளவு 25 ஆகவும், சில இடங்களில் 10 ஆகவும் குறைந்தது. 2009-ஆம் ஆண்டில் உல்டுவார் என்னும் கோட்டை திறக்கப்பட்டபோது அழகான முறை ஒன்று வந்தது. எளிய போர் வேண்டுமா, கடிய போர் வேண்டுமா என்பதைப் படையினர் தம் செயலாலேயே தேர்ந்துகொண்டனர். மிமிரான் என்னும் தலைவனின் கூடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். தொடாமல் போரிடலாம், அழுத்தினால் கூடமெங்கும் நெருப்புப் பரவிப் போர் பன்மடங்கு கடிதாகும். வேண்டுமென்றே அழுத்தினோர் பலர்! பின்னர், கதவருகிலேயே 'எளிது, கடிது' என்று தேர்ந்தெடுக்கும் முறை நிலைத்தது. 2011-ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் அறியாத 25 பேரைப் பொறியே திரட்டி எளிய போருக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. 2014-ஆம் ஆண்டில் நான்கு படிகள் அமைந்தன. முதற்படி பொறி திரட்டும் படை. நடுவில் உள்ள இரண்டு படிகளில் 10 பேர் முதல் 30 பேர் வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் செல்லலாம். ஆள் கூடினால் பகைவனின் வலிமையும் அதற்கேற்பக் கூடும். நான்காம் படி, 'மிதிக்' எனப்படுவது, மிகக் கடினமானது. அதற்குச் சரியாக 20 பேர். அதற்கு மேல் ஒருவரும் கூடக் கூடாது, ஆள் குறைந்தாலும் பகைவனின் வலிமை குறையாது. என் பேரன் ஆடுவது இந்த நான்காம் படியில்.

அங்கே போர் எப்படி இருக்கிறது? 2021-ஆம் ஆண்டில் வந்த ஒரு தலைவனை எடுத்துக்கொள்வோம். விதி எழுதுவோன் என்று அவனுக்குப் பெயர். தரையில் வளையங்கள் சுழலும். அவற்றில் குறிகள் இருக்கும். திடீரென்று படையில் சிலர்மேல் அடையாளம் விழும். அவர்கள் மட்டும் தத்தமக்குரிய குறியைக் கண்டு, அதை உரிய இடத்துக்கு நகர்த்தி, குறித்த நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். ஒருவர் தடுமாறினால் படை முழுவதும் அழியும். கெட்டனின் வெடிகுண்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒருவன் பிழை அவன் அருகிலிருப்போரை வருத்தியது. இங்கே ஒருவன் பிழை அனைவரையும் மாய்க்கிறது. 2013-ஆம் ஆண்டில் புத்துருப் பெற்ற ஃபைனல் ஃபேண்டசி 14 என்னும் ஜப்பானிய விளையாட்டிலும் இதே போக்கைக் காணலாம். அங்கே படைக்கு எண்மர். கடினமான போர்களை நாட்டியம் பயில்வதைப் போல, எந்த நொடியில் எந்த இடத்தில் நிற்பது என்று மனப்பாடம் செய்து ஆடுகிறார்கள். உச்சப் போர் ஒன்றை வெல்லப் பல நூறு முறை தோற்பது அங்கே இயல்பு.

நொடிக் கணக்கில் நினைவு வைக்க வேண்டியிருந்ததால், விளையாட்டாளர் தமக்கு உதவத் தாமே துணைநிரல்களை எழுதிக்கொண்டனர். 'இப்பொழுது ஓடு, இப்பொழுது நில்' என்று அவை மணி அடிக்கும். அவற்றையும் கணக்கில் கொண்டு வடிவமைப்போர் இன்னும் சிக்கலான போர்களை ஆக்கினர். இப்படி மாறி மாறி ஏறிய சிக்கலைத் தணிக்க எண்ணி, துணைநிரல்களின் ஆற்றலைக் குறைக்கப் போவதாக பிளிசார்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் அறிவித்தது.

பழைய போர் எளிது, புதிய போர் கடிது என்று நான் சொல்வதற்குச் சான்று உண்டா? உண்டு. அறிவியல் சோதனைபோல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ரக்னரோஸ் முதன்முதலில் வீழ்ந்தது 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில். விளையாட்டு வெளிவந்து ஏறக்குறைய ஐந்து திங்கள் கழித்து. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் பழைய விளையாட்டை, 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டது. அதே குகை, அதே நெருப்பரசன். இம்முறை ஒரு வாரத்துக்குள் வீழ்ந்தான்! வீரர்களின் வித்தைகள் 2005-இன் தொடக்கத்தில் இருந்ததைவிடச் சற்றுத் திருத்தமான நிலையில் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் பெருங் காரணம் வேறு. வழி தெரிந்திருந்தது, எதைச் சேர்க்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே, பழைய நாளில் கடினமாக இருந்தது போர் அன்று. அறியாமையும், ஆள் சேர்த்தலும், ஆயத்தமும், காத்திருத்தலுமே. புதிய முறை அந்தச் சுமைகளை நீக்கிற்று. நீக்கிய கடினத்தைப் போரின் நடுவே கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே வைத்தது.

இந்த இடத்தில்தான் என் பேரன் முகம் வாடியதைச் சொல்ல வேண்டும். அவனுடைய நெருங்கிய நண்பன் ஒருவனும் அதே குழுவில் இருந்தான். ஒரு தலைவனிடம் பல நாள் தோற்றார்கள். யார் பிழையால் எத்தனை முறை மடிந்தார்கள் என்பதைப் பொறி கணக்கிட்டுக் காட்டிவிடும். நண்பன் பெயர் பலமுறை வந்தது. குழுத் தலைவர் அவனைச் சில நாள் வெளியே இருக்கச் சொல்லி, வேறொருவரைச் சேர்த்தார். அந்த வாரமே வென்றார்கள். "வென்றோம் தாத்தா, ஆனால் அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றான்.

நேயர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமை வகித்த ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற வேட்கை எங்களைப் பற்றிக்கொண்டது. கணக்கில் மிகவும் பின்தங்கிய மாணவன் ஒருவன் இருந்தான். பள்ளி மணியை அவன்தான் அடிப்பான். பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவான். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவான். அவனுடைய தந்தையாரை அழைத்து, பையன் தனித்தேர்வராக எழுதட்டும் என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சென்றார். அவ்வாண்டு நூற்றுக்கு நூறு வந்தது. எனக்கு மாலையும் இட்டார்கள். அந்தப் பையன் தேர்வு எழுதினானா என்று நான் விசாரிக்கவே இல்லை. பாரவண்டி ஓட்டுநருக்கு நாற்பதின்மர் நடுவே கிடைத்த இடம், என் பள்ளியில் அவனுக்குக் கிடைக்கவில்லை.

குழுத் தலைவரை நான் குறை கூறவில்லை. சரியாக இருபது என்று கதவில் எழுதியிருந்தால், இருபத்தோராவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். ஒருவர் பிழை அனைவரையும் மாய்க்கும் என்று விதி இருந்தால், பிழை செய்பவன் சுமையாகத்தான் தெரிவான். அவர்கள் மனம் கல்லானதன்று. கதவு அவ்வாறு அமைந்திருக்கிறது. என் பிழையும் இத்தகையதே என்று சொல்லித் தப்ப எனக்கு விருப்பமில்லை. விதியை வகுத்தவர் பிறர் என்றாலும், கையொப்பமிட்டது என் கை அல்லவா?

ஆயினும் புதிய முறையிலேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. 10 முதல் 30 வரை யாரும் வரலாம் என்ற நடுப்படிகளைச் சொன்னேன் அல்லவா? அங்கே ஒருவர் கூடுதலாக வந்தால் பகைவன் அந்த அளவே வலுப்பெறுவான். வந்தவரால் பிறர்க்கு இழப்பில்லை. பேரனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். அடுத்த ஞாயிறன்று, நண்பனையும் வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு, இருபத்து மூவராக அதே கோட்டையின் எளிய படிக்குச் சென்றான். அவர்கள் சிரித்த சிரிப்பு என் அறை வரை கேட்டது.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளை ஆக்குவீர்கள். வேறு சிலர் தேர்வுகளையும், அலுவலக விதிகளையும், மருத்துவமனை வரிசைகளையும் வகுப்பீர்கள். கடினம் இல்லாத செயலில் சுவை இல்லை. ஆதலால் கடினத்தை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். வாசலில் வைத்தால் நேரமில்லாதவன் வெளியே நிற்பான். ஒவ்வொருவர் கையிலும் வைத்தால் கை மெதுவானவன் வெளியே நிற்பான். எங்கே வைத்தாலும் யாரோ ஒருவன் அதற்கு விலை கொடுக்கிறான். அவன் யார் என்று தெரிந்துகொண்டு, அவனுக்கும் ஒரு படி இருக்கிறதா என்று பார்த்த பின்னர்க் கதவை அமையுங்கள். நான் அவ்வாறு பார்க்கத் தவறியவன் என்பதால்தான் இதை உங்களிடம் சொல்லத் துணிந்தேன்.